ஜாவா சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கும்போது கோபைலட்டை அணைத்து வையுங்கள்

ஆரக்கிளின் ஜாவா 17 தேர்வில் 90 நிமிடத்தில் 50 கேள்விகள். நிரல் எழுதச் சொல்ல மாட்டார்கள். எழுதியதைக் காட்டி, 'இது கம்பைல் ஆகுமா, என்ன அச்சிடும்?' என்று கேட்பார்கள். கையில் எந்தக் கருவியும் இருக்காது. நிரலைத் தானே எழுதித் தரும் கோபைலட் போன்ற ஏஐ கருவிகளோடு மட்டுமே பழகியவர்கள் திணறுவது இங்கேதான். அவை பெரும்பாலும் சரியான வரியையே எழுதித் தருவதால், தவறான வரி எப்படி இருக்கும் என்பது கண்ணிலேயே படுவதில்லை.

ஒரு சோதனை: இரண்டு இன்டிஜர் (int அல்ல, Integer) மாறிகளில் 127ஐ இட்டு இரட்டைச் சமன்குறியால் ஒப்பிடுங்கள், 'உண்மை' என்று வரும். 128ஐ இட்டால் 'பொய்'! இரட்டைச் சமன்குறி இங்கே மதிப்பை அல்ல, இரண்டும் ஒரே பொருளா என்பதைப் பார்க்கிறது; -128 முதல் 127 வரையிலான மதிப்புகளுக்கு ஜாவா ஒரே பொருளைத் திரும்பத் தருவதுதான் காரணம். கருவி இந்த இடத்தில், மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் என்று எழுதிவிட்டுப் போய்விடும். கேள்வி தயாரிப்பவர்களுக்கோ இது அல்வா.

எனவே பயிற்சியைச் சாதாரண நோட்பேடில் செய்யுங்கள். கருவியைத் தூக்கி எறிய வேண்டாம், வேலையை மாற்றிக் கொடுங்கள்: 'ஒரே ஒரு பிழை ஒளிந்திருக்கும் 15 வரி நிரல் எழுது, விடை சொல்லாதே' என்று கேளுங்கள். முதலில் உங்கள் விடையைத் தாளில் எழுதிவிட்டுக் கம்பைலரில் ஓட்டிப் பாருங்கள். கருவி சொல்லும் விளக்கத்தை நம்பாதீர்கள், அது தப்பையும் அழுத்தந்திருத்தமாகச் சொல்லும்.

கம்பைலரும் 17ஆம் பதிப்பாகவே இருக்கட்டும். சுவிட்சில் பேட்டர்ன் மேட்சிங் (பொருளின் வகையைப் பார்த்துக் கிளை பிரிவது) 17இல் முன்னோட்டம் மட்டுமே, 21இல்தான் நிலையானது.