குழந்தைக்குத் திருமுழுக்கு: முதல்முறை பெற்றோராகிறவர்களுக்கு

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த சமூகத்தில்) திருமுழுக்குக்கு முந்தைய தயாரிப்பு வகுப்பில் நானும் உதவுகிறேன். கைக்குழந்தையோடு வரும் தம்பதியர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த ஞாயிறு கிடைக்கும்?" என்றுதான். மண்டபம் பிடிக்க வேண்டும், சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும், கவலை புரிகிறது. ஆனால் அன்று சாமியார் (ஆலயக் குரு) உங்களைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்பார். குழந்தை சார்பில் பதில் சொல்லப் போகிறவர்கள் நீங்கள். அந்தப் பதிலைச் சொல்லத் தயாராவதுதான் முக்கியமான வேலை. (ஞானஸ்நானம் என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்.)

படி 1: பங்குத்தந்தையைப் பாருங்கள்

பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்கு பெறவைக்க வேண்டும் என்பது 1983-இன் திருச்சபைச் சட்டம். குழந்தை பிறக்கும் முன்பே போய்ப் பேசினாலும் நல்லதுதான். பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கையும் பங்குத்தந்தைக்கு வர வேண்டும்.

நம் ஊர் வழக்கப்படி பிரசவத்துக்குப் பிறகு தாய் சில மாதம் அம்மா வீட்டில் இருப்பார். அங்கேயே வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பலர். அப்படியானாலும், வேளாங்கண்ணி போன்ற திருத்தலத்தில் வைப்பதானாலும், முதலில் உங்கள் சொந்தப் பங்கில் சொல்லி ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ், பங்கின் குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களையும் கையில் வைத்திருங்கள்.

படி 2: ஞானப்பெற்றோரைத் தேர்ந்தெடுங்கள்

குழந்தை விசுவாசத்தில் வளரப் பெற்றோருக்குத் துணை நிற்பவர்கள் ஞானப்பெற்றோர். இங்கேதான் நிதானம் வேண்டும். ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். பொதுவாக 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். நற்கருணையும் (திருப்பலியில் பெறும் அப்பம்), உறுதிப்பூசுதலும் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் அருளடையாளம்) பெற்ற கத்தோலிக்கராக, அந்த விசுவாசத்துக்கு ஏற்றபடி வாழ்பவராக இருக்க வேண்டும். குழந்தையின் அப்பாவோ அம்மாவோ ஞானப்பெற்றோராக முடியாது.

தாய்மாமன்தான் நிற்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். தகுதி இருந்தால் தாராளமாக நிற்கலாம். ஆனால் முறைக்காகவோ, தங்கச் சங்கிலி போடுவார் என்பதற்காகவோ ஒருவரைக் கூப்பிடாதீர்கள். பத்து வருடம் கழித்து உங்கள் மகள், "சாமி ஏன் பாட்டியை எடுத்துக்கிட்டார்?" என்று கேட்டால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசக்கூடியவர் யார்? அவரைக் கூப்பிடுங்கள். சி.எஸ்.ஐ. (கத்தோலிக்கம் அல்லாத தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்த நண்பர் என்றால், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக நிற்கலாம்.

படி 3: பெயர்

புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்ப் பெயர் வைக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது தேவசகாயத்தைத்தான். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது எடுத்துக்கொண்ட பெயர் லாசர். அதைத் தமிழாக்கித்தான் தேவசகாயம் என்றார்கள். 2022 மே 15 அன்று அவர் புனிதர் பட்டம் பெற்றதும் இந்தப் பெயரில்தான்.

படி 4: சடங்கை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

ஆலய வாசலில் தொடங்கும். குழந்தையின் பெயர் என்ன, திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று சாமியார் கேட்பார். "திருமுழுக்கு" என்று சொல்லுங்கள். பிறகு அவர் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவார். நீங்களும் ஞானப்பெற்றோரும் வரைவீர்கள். இறைவார்த்தை, மன்றாட்டு முடிந்ததும் நெஞ்சில் எண்ணெய் பூசப்படும். தீமையை எதிர்த்து நிற்பதற்கான பலம் அது.

அப்புறம் அந்தக் கேள்விகள். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா? "விட்டுவிடுகிறேன்." தந்தையை, மகனை, தூய ஆவியாரை நம்புகிறீர்களா? "நம்புகிறேன்." வீட்டிலேயே கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வாசித்துவிட்டு அழுத அம்மாக்களை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் மூன்று முறை ஊற்றப்படும், அல்லது குழந்தையை மூன்று முறை முழுக்குவார்கள். தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் திருமுழுக்கு அளிப்பவர் "நான்" என்றே சொல்ல வேண்டும். "நாங்கள்" என்று மாற்றிச் சொல்லித் தந்த திருமுழுக்கு செல்லாது என்று 2020 ஆகஸ்டில் வத்திக்கான் தெளிவாக்கியது. சாமியாரின் வாய் வழியே கிறிஸ்துவே திருமுழுக்கு அளிக்கிறார் என்பது திருச்சபையின் நம்பிக்கை.

பிறகு உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம். புனித வாரத்தின் எண்ணெய்த் திருப்பலியில் ஆயர் அர்ச்சிக்கும் நறுமணத் தைலம் அது. கிறிஸ்துவைப் போலக் குருவாக, இறைவாக்கினராக, அரசராக இந்தப் பச்சிளம் குழந்தை அருள்பொழிவு பெறுகிறது. வெள்ளாடை போர்த்தியதும், பாஸ்கா திரியிலிருந்து (உயிர்ப்புப் பெருவிழாவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி) ஏற்றிய மெழுகுதிரியைக் குழந்தைக்காகப் பெரும்பாலும் ஞானத்தந்தை பிடித்துக்கொள்வார்.

படி 5: அன்று காலை

குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். முன்பக்கம் பொத்தான் உள்ள சட்டை போடுங்கள். முதுகில் ஜிப் வைத்த, கழுத்துவரை லேஸ் தைத்த கவுன் போட்டு வந்து, நெஞ்சில் எண்ணெய் பூசும் நேரத்தில் இரண்டு அத்தைகள் சேர்ந்து இழுக்க, குழந்தை வீறிட்டு அழுததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு துண்டும் மாற்று உடையும் பையில் இருக்கட்டும். புகைப்படக்காரரிடம், திருமுழுக்குத் தொட்டிக்கும் தாய்க்கும் நடுவில் வரக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அவசரம் என்றால்

குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்க வேண்டாம். திருச்சபை செய்வதையே செய்யும் எண்ணத்தோடு, தலையில் தண்ணீர் ஊற்றி, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று யாரும் சொல்லலாம், செவிலியரும் சொல்லலாம். பிறகு பங்கில் தெரிவியுங்கள். மற்றச் சடங்குகள் ஆலயத்தில் நிறைவு செய்யப்படும். தண்ணீர் மறுபடி ஊற்றமாட்டார்கள், ஏனென்றால் திருமுழுக்கு வாழ்வில் ஒரே ஒரு முறைதான்.

படி 6: பதிவேடு

விருந்துக்கு ஓடும் முன், பதிவேட்டில் எழுதியதைப் பிறப்புச் சான்றிதழோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். என் மூத்தவனின் பெயரில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடிவிட்டதை நான் கவனிக்கவில்லை. பள்ளியில் சேர்க்கும்போதுதான் தெரிந்தது. திருத்துவதற்குள் பல நடை நடந்தேன். உறுதிப்பூசுதலும் திருமணமும் பின்னாளில் அதே பதிவேட்டில், அதே பெயருக்கு நேராகத்தான் குறிக்கப்படும்.

மெழுகுதிரியைத் துணியில் சுற்றி பத்திரப்படுத்துங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் திருமுழுக்கு நாளன்று இரவு ஜெபத்துக்கு அதை ஏற்றுகிறோம். இப்போது பாதிதான் மிச்சம் இருக்கிறது. தீக்குச்சியை நான் உரசுவேன். திரியைப் பிடிப்பது மூத்தவன்.