'போல் எ விர்ஜினி'யில விதி எது, மனசு எதுன்னு பிரிச்சுப் படிக்கறது எப்படி

நம்ம மொரீசியஸ்ல இந்தக் கதைய கேள்விப்படாதவங்க குறைவு, ஆனா 1788ல வந்த அந்த நாவலை முழுசா படிக்கப் போறீங்கன்னா கையில பென்சில் வச்சுக்கோங்க. யாராவது "கடவுள் சித்தம்"னு சொன்னா நிறுத்தி, சொல்றது யாரு, அதால யாருக்கு லாபம்னு ஓரத்துல எழுதுங்க.

விர்ஜினிய பிரான்சுக்கு அனுப்புற பகுதிய நிதானமா ரெண்டு தடவ படிங்க, அவளுக்கு கூடவே வளர்ந்த காதலன் போலை விட்டுப் போக மனசே இல்ல, ஆனா கவர்னர் லபூர்தொனே பணமூட்டையோட வர்றாரு, அம்மா ரெண்டு மனசா நிக்கறாங்க, கடைசியில பாதிரியார் வந்து இது கடமைன்னு முடிச்சிடறாரு, இதுல விதி எங்கங்க இருக்கு? ஓடிவந்த அடிமைப் பொண்ணை விர்ஜினி எஜமான்கிட்டயே கூட்டிட்டுப் போற இடத்தையும் தாண்டிப் போயிடாதீங்க, அந்தப் பொண்ணுக்கு என்ன ஆசைன்னு யாருமே கேக்கல, எனக்கு அது ரொம்ப வலிக்குது.

அப்புறம் விர்ஜினி பிரான்சுலேர்ந்து திரும்பி வர்றப்போ கரைக்குப் பக்கத்துல முழுகற சேன் ஜெரான் கப்பல். அந்தப் பேர்ல நிஜமா இருந்த கப்பல் முழுகினது 1744 ஆகஸ்ட்ல, நாவல்ல அது டிசம்பர், அதாவது புயல் சீசன், ஆக அந்தப் புயல் எழுத்தாளர் கொண்டுவந்தது. தப்பிக்கணும்னா துணிய கழட்டிட்டு குதின்னு ஒரு மாலுமி விர்ஜினிகிட்ட கெஞ்சறான், அவ மாட்டேங்கறா, முழுகிச் சாகறா. அது அவ முடிவா, வளர்த்த விதமான்னு வீட்டுப் பொம்பளைங்ககிட்டயும் கேட்டுப் பாருங்க.