வாலிபால் கோச்சிங்லயே அவார்டையும் முடிக்கணும்னா

கடலூர்ல சாயங்காலம் வாலிபால் ஆடுற நம்ம புள்ளைங்களுக்கு டியூக் ஆஃப் எடின்பரோ சர்வதேச அவார்ட் (உடற்பயிற்சி, திறன், சேவை, சாகசப் பயணம்னு நாலு பிரிவையும் முடிச்சு இளைஞர்கள் வாங்குறது) ரொம்ப நல்லா பொருந்தும், 14 வயசுல இருந்து சேரலாம், முதல் படியான வெண்கல லெவலுக்கு குறைஞ்சது 6 மாசம் ஆகும். அவங்க ஆடுறது உடற்பயிற்சி பிரிவு, அம்பயரிங் கத்துக்கிட்டா திறன் பிரிவு, தேவனாம்பட்டினம் பீச்சுல சின்னப் பசங்களுக்கு சர்வீஸ் போட சொல்லிக்குடுத்தா சேவை, ஆனா அதுக்கு காசு வாங்கக்கூடாது. இங்கதான் கவனமா இருக்கணும், ஒரே மணி நேரத்தை ரெண்டு பிரிவுல எழுத முடியாது, அதனால செவ்வாய் ஆட்டம், வியாழன் அம்பயரிங், ஞாயிறு சொல்லிக்குடுக்கிறதுன்னு பிரிச்சிடுங்க, ஒவ்வொண்ணுக்கும் வாரம் 1 மணி நேரம் கணக்கு. செஞ்சதை அன்னன்னைக்கே லாக்ல (அவார்டுக்கான பதிவுல) எழுத வைங்க, மாசக் கடைசில உக்காந்தா பாதி மறந்துடும். சாகசப் பயணம் தனி, 2 பகல் 1 ராத்திரி, மேட்சுக்கு வெளியூர் போனதை அதுல சேர்க்காதீங்க.