மேல் விரற்கடையில்தான் ருசி: கீழக்கரை வீட்டில் ஒரு பாஸ்தா பேக்

துபாயில் ஓர் ஓட்டல் அடுக்களையில் 11 வருஷம் நின்றவன் நான். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் பேக் செய்த பாஸ்தா பத்துத் தட்டமாவது போகும். பெரிய தட்டம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் க்ரீம், கால் கிலோ வெண்ணெய், அரைக் கிலோ சீஸ். சமைத்த எங்களில் ஒருத்தரும் அதைத் தொட மாட்டோம்; பின்பக்கம் குந்திக்கொண்டு பருப்பாணமும் (பருப்புக் குழம்பு) சோறும் சாப்பிடுவோம். ஆனால் திரும்பி வரும் தட்டங்களைக் கழுவப் போடும்போது ஒன்றைக் கவனித்தேன். மேலே சிவந்து முறுகிய ஏட்டைச் சுரண்டிச் சுரண்டித் தின்றிருப்பார்கள். அடியில் கிடக்கும் வெள்ளைக் குழைசலில் பாதி அப்படியே இருக்கும். நாங்கள் ஊற்றிய க்ரீமெல்லாம் அதில்தான் கிடக்கும்.

ஊரோடு வந்து சேர்ந்த பிறகு கல்யாண ஆர்டர்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். வார நாளில் சாயங்காலம் எனக்கு வேலை இல்லை. மனைவிக்கு அப்போதுதான் டியூஷன் பிள்ளைகள் வருவார்கள். அதனால் செவ்வாய், புதன் இரண்டு நாளும் ராச்சாப்பாடு என் பொறுப்பு. ஒன்பது வயது மகள் “வாப்பா, துபாயில செஞ்ச பாஸ்தா செஞ்சு குடுங்க” என்று நச்சரித்தாள். உம்மாவுக்குச் சர்க்கரை, போதாக்குறைக்குப் பிரஷர். ஓட்டல் கணக்கில் செய்தால் உம்மாவுக்கு ஆகாது, தனியாக ஒன்று செய்ய எனக்குப் பொறுமை இல்லை. அப்போதுதான் அந்தச் சுரண்டிய தட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தன. நாக்கு தேடுவது விரல் அகலத்துக்கு இருக்கும் அந்த மேல் விரற்கடையை மட்டும்தான் என்றால் சீஸை அங்கே மட்டும் போடுவோம், அடியில் காயும் மீனும் இருக்கட்டும். இதுதான் யோசனை. மற்றதெல்லாம் இதைச் சரியாக வரவைக்கிற கைவேலை.

முதலில் பாத்திரம். வெள்ளைக்காரர்கள் இதைக் கேசரோல் என்பார்கள். எங்கள் வீட்டில் கேசரோல் என்றால் இடியப்பத்தைச் சூடாக வைக்கும் டப்பா. அதை ஓவனில் வைத்துவிடாதீர்கள். கண்ணாடித் தட்டமோ அலுமினியத் தட்டமோ, ஓவன் சூடு தாங்குகிறதாக இருந்தால் சரி. அகலமாக இருக்க வேண்டும், ஆழம் கூடாது. என்னுடையது 12 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 2 அங்குல ஆழம். அதே அளவு சாமானை ஆழமான கிண்ணத்தில் போட்டால் மேல்பரப்பு பாதியாகிவிடும், ஏடும் பாதியாகிவிடும். பிள்ளைகள் “சீஸே இல்ல” என்பார்கள். பரத்திப் போட்டால் கொஞ்ச சீஸ் நிறைய மாதிரித் தெரியும்.

ஐந்து பேருக்கு 200 கிராம் பாஸ்தா போதும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், டியூரம் கோதுமை ரவை என்று முதலில் போட்டிருக்க வேண்டும். மைதா பாஸ்தா ஓவனில் கூழாகிவிடும். முழுக்கோதுமைப் பாஸ்தா இன்னும் நல்லது, நார் கூட. ஆனால் முழுக்க அதையே போட்டபோது மகன் தட்டைத் தள்ளிவிட்டான். இப்போது பாதிக்குப் பாதி. இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்து, கூட நேரம் பிடிப்பதை முதலில் போடுங்கள். குழல் மாதிரி இருக்கும் பென்னே வாங்கினால் குழம்பு உள்ளே போய் உட்காரும்.

வேகவைக்கிற தண்ணீர் எங்கள் பக்கத்தில் ஒரு தனிச் சங்கதி. கிணற்றுத் தண்ணீரில் வைத்தால் உப்பே போட வேண்டாம், ஆனால் வாயிலும் வைக்க முடியாது. குழாயில் வரும் காவேரித் தண்ணீரைத்தான் இதற்கு எடுப்பேன். 2 லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு. கடல் தண்ணீர் மாதிரி உப்புக் கரிக்க வேண்டும் என்று சமையல்காரர்கள் சொல்வதை இங்கே கேட்காதீர்கள். பிரஷர்காரருக்கும் சேர்த்துச் சமைக்கிறோம், சீஸிலேயே உப்பு இருக்கிறது. பாக்கெட்டில் போட்டிருப்பதற்கு 3 நிமிஷம் முன்னாலேயே இறக்கி வடித்துவிடுங்கள். கடித்தால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். மிச்ச வேக்காடு ஓவனில். வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேடுவீர்கள்.

இனி குழம்பு. இந்தச் சமையலின் உயிரே இதில்தான் இருக்கிறது. வெள்ளை சாஸுக்குப் பதில் நான் எடுப்பது மஞ்சள் பரங்கிக்காய். அரைக் கிலோ காய், தோல் சீவித் துண்டு போட்டு, சின்ன வெங்காயம் 10, பூண்டு 5 பல்லோடு குக்கரில், கால் டம்ளருக்கும் குறைந்த தண்ணீரில் 2 விசில். பரங்கி தானே தண்ணீர் விடும். ஆறியதும் மிக்சியில் மையாக அரைத்தால் நிறமும் வழவழப்பும் சீஸ் சாஸ் மாதிரியே இருக்கும். மகள் இன்றுவரை அதைச் சீஸ் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தனியாக ஒரு சட்டியில் ஒரு மேஜைக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு, ஒன்றரை மேஜைக்கரண்டி கோதுமை மாவைச் சிறு தீயில் வறுங்கள். பச்சை வாசம் போய்ச் சப்பாத்தி சுடுகிற வாசம் வரும். அப்போது ஆறிய பால் 300 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. சூடான பாலை மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். கொதித்துக் கெட்டியானதும் பரங்கி விழுதைக் கலந்து, மிளகுத்தூள், அரை டீஸ்பூன் உப்பு, ஜாதிக்காயை ஒரு தேய்ப்பு. அடுப்பை அணைத்த பிறகு 3 கரண்டி புளிக்காத கெட்டித் தயிர். பரங்கி இனிப்புக் காய். சீஸில் இருக்கும் அந்த லேசான புளிப்பைத் தயிர்தான் கொண்டுவரும். மாவு சேர்ந்திருப்பதால் மோர்க்குழம்பு திரியாத மாதிரி இதுவும் ஓவனில் திரியாது. நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் பாஸ்தாவோடு ஒட்டாது. தேங்காய்ப்பால் ஊற்றலாமே என்று மனைவி கேட்டாள். ருசிக்கும், சந்தேகமில்லை. ஆனால் க்ரீமை எடுத்துவிட்டுத் தலைப்பாலை ஊற்றினால் ஒரு கொழுப்பு போய் இன்னொரு கொழுப்பு வந்ததுதான் மிச்சம்.

பதம்தான் முக்கியம். முதல்தடவை ஓட்டல் பழக்கத்தில் குழம்பைக் கெட்டியாக வைத்தேன். அரைவேக்காட்டுப் பாஸ்தா முழுத் தண்ணீரையும் குடித்துவிட்டது. கத்தி வைத்து வெட்டி எடுத்தோம். “வாப்பா, இது கேக்கா?” என்று மகன் கேட்டான். அவனுக்கு 14 வயது, கிண்டலுக்குக் குறைவில்லை. குழம்பும் பாஸ்தாவும் கலந்த பிறகு ‘ஐயோ, தண்ணியாப் போச்சே’ என்று மனசு சொல்ல வேண்டும், கஞ்சிப் பதத்தில் கரண்டியிலிருந்து வழிய வேண்டும். வழியாவிட்டால் எடுத்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள்.

காய்களில் உங்கள் இஷ்டம்தான், ஒரே ஒரு விஷயம்: தண்ணீர் விடும் காயைப் பச்சையாகப் போடாதீர்கள். சுரைக்காயை அப்படிப் போட்டு அடியில் ஒரு ஊருணியே கட்டியிருக்கிறேன். கேரட், பீன்ஸ், குடைமிளகாய் எல்லாமாக 300 கிராம், பொடியாக நறுக்கி, பெரிய தீயில் ஈரம் வற்றும்வரை வதக்குங்கள். முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, அதையும் வதக்கித்தான். பச்சையாகத் தூவினால் காய்ந்து கசக்கும்.

மீன் விஷயத்தில் கடலோரக்காரனுக்கு வசதி அதிகம். சின்ன இறால் கால் கிலோ, நரம்பு எடுத்து, மஞ்சளும் மிளகும் பிரட்டி, துணியில் ஒற்றி ஈரம் எடுத்துப் பச்சையாகவே கலந்துவிடுவேன். சட்டியில் ஒருதரம், ஓவனில் ஒருதரம் என்று இரண்டு முறை வெந்தால் இறால் ரப்பராகிவிடும். சூரை மீன் கிடைத்தால் ஆவியில் வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்துப் போடலாம். டின்னில் அடைத்து விற்கும் டூனாவும் இந்த வகை மீன்தான். கணவாய் மட்டும் வேண்டாம், ஓவனில் செருப்புத் தோலாகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு போகாது. நாட்டுப்படகில் வருவது என் விலைக்குக் கட்டாது. அந்த மாசங்களில் கொண்டைக்கடலையோ காய்ந்த மொச்சையோ 150 கிராம் முதல் நாள் ஊறப்போட்டு வேகவைத்துச் சேர்ப்பேன். இதற்கும் காவேரித் தண்ணீர்தான், கிணற்றுத் தண்ணீரில் மொச்சை லேசில் வேகாது. உம்மாவுக்கு இறாலைவிட மொச்சை போட்டதுதான் பிடிக்கும்.

இப்போது மேல் விரற்கடை. மொசரெல்லா 70 கிராம் துருவியது. துண்டு துண்டாக விற்கும் பதப்படுத்திய சீஸ் வேண்டாம், உப்பு அதிகம், உருகினால் இழையும் வராது. பொரிகடலை ஒரு கைப்பிடி, ரவை மாதிரிக் கொரகொரப்பாகப் பொடித்தது. ரொட்டித்தூளுக்குப் பதில் இதைப் போடுவது என் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்வேன். புரதமும் கூட, முறுகலும் கூட. முண்டு மிளகாய் இரண்டு, விதை தட்டிக் கிள்ளி நொறுக்கியது. எங்கள் ராமநாதபுரம் ஜில்லா முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்காக இல்லாவிட்டாலும் போடத்தான் போடுவேன். பாக்கெட்டில் வரும் சில்லி ஃப்ளேக்ஸில் இந்த வாசம் கிடையாது. இரண்டு டீஸ்பூன் எண்ணெய், ஒரு பல் துருவிய பூண்டு சேர்த்துக் கையால் பிசறி வையுங்கள்.

நேரக் கணக்கு இப்படி. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து காய் நறுக்கி, பரங்கியைக் குக்கரில் ஏற்றிவிடுவேன். பொழுது சாய்ந்ததும் மஃரிபு தொழுதுவிட்டு வந்து ஓவனை 200 டிகிரியில் போட்டுவிட்டு, அது சூடாகிற நேரத்தில் பாஸ்தாவை வேகவைத்துக் கலந்துவிடுவேன். எல்லாம் சூடாகவே தட்டத்துக்குப் போக வேண்டும். ஆறிய கலவையை வைத்தால் மேலே கருகும், நடுவில் சில்லென்று இருக்கும், இறாலும் வேகாது. முதல் 15 நிமிஷம் ஃபாயில் தாள் மூடி, 190 டிகிரி. பிறகு தாளை எடுத்து, மேல்பூச்சைத் தூவி, இன்னும் 10 நிமிஷம். பொரிகடலையை முதலிலேயே தூவினால் கருகிப்போகும். கடைசி 3 நிமிஷம் மேல் கம்பி மட்டும். அப்போது வாட்ஸ்அப் பார்க்கப் போகாதீர்கள், ஓவன் முன்னாலேயே நில்லுங்கள். வெளியே எடுத்ததும் 10 நிமிஷம் ஆறவிட்டால் கலவை இறுகி நிற்கும், உடனே வெட்டினால் ஓடும். ராத்தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொல்லும்போது மேஜைக்கு வந்துவிடும்.

மழைக்காலத்தில் ஒருநாள் தட்டத்தை உள்ளே வைத்து ஐந்தாவது நிமிஷம் கரண்ட் போனது. முற்றத்தில் பிரியாணிக்குத் தம் போடும் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, அடியில் ஒரு வளையத்தின் மேல் தட்டத்தை இறக்கி, மூடி போட்டு, மூடிமேல் சிரட்டைக் கரியைக் கொட்டினேன். கீழே சிறு தீ, மேலே கனல், 25 நிமிஷம். ஓவனில் வந்ததைவிட நன்றாக வந்தது என்று சொன்னால் நம்புங்கள், லேசான புகை வாசம் வேறு. முற்றத்தில் செய்யுங்கள், அடைத்த அடுக்களைக்குள் கரிக்கனல் வேண்டாம்.

“என்ன வாப்பா இது, சோறா பலகாரமா?” என்று முதல் நாள் உம்மா என்னைக் கேட்டது. உம்மாவுக்கு உள்ளங்கை அளவு ஒரு துண்டு, தட்டில் பாதிக்கு வெள்ளரிக்காய். டாக்டர் சோற்றுக்குச் சொன்ன அளவுதான் இதற்கும். காய் கூட இருக்கிறது என்பதற்காக இரண்டு துண்டு வைக்கக் கூடாது. “உப்பு கம்மி” என்று சொல்லிக்கொண்டே ஏட்டை மட்டும் முதலில் கிள்ளித் தின்றது. மிச்சம் இருந்தால் மறுநாள் தோசைக்கல்லில் ஏடு கீழே இருக்கும்படி போட்டு மூடி வைத்தால் பிள்ளைகளின் பள்ளி டப்பாவுக்கு ஆகும். பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

இன்னொரு தகராறு இருக்கிறது. முறுகலான மூலைத்துண்டுதான் எல்லோருக்கும் வேண்டும். மூலை நாலு, ஆள் அஞ்சு. நடுத்துண்டு எப்போதும் எனக்குத்தான் வருகிறது. “சஹன்ல வச்சு பேக் பண்ணுங்களேன், வட்டமா இருந்தா எல்லாருக்கும் ஓரம் கிடைக்கும்ல, சுத்தி உக்காந்து சாப்பிடலாம்” என்றாள் மனைவி. சஹன் என்றால் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய வட்டத் தட்டு. நல்ல யோசனை. பரணிலிருந்த எனாமல் சஹன்களில் இருப்பதிலேயே சின்னதை இறக்கிக் கழுவி, ஓவனுக்குள் வைத்துப் பார்த்தேன். கதவு மூட ஒரு விரற்கடை குறைகிறது.