10 கிகாபிட் நெட்வொர்க் கார்டுக்கு இன்டரப்ட் அமைப்பது

காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ 10 கிகாபிட் லைன் ஓடும் லினக்ஸ் சர்வரில் வேகம் பாதியிலேயே நின்றால், முதலில் ப்ராக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் ஃபைலைப் பாருங்கள். இன்டரப்ட் என்பது பாக்கெட் வந்திருக்கிறது என்று கார்டு ப்ராசஸருக்குக் கொடுக்கும் சைகை. கார்டுக்குரிய வரிகளில் ப்ராசஸரின் ஒரே கோரின் எண் மட்டும் ஏறுகிறதென்றால் கோளாறு அங்கேதான்.

முதலில் க்யூ, அதாவது வரும் பாக்கெட்டுகளைக் கார்டு பிரித்துப் போடும் வரிசைகள். கார்டை அமைக்கும் ஈத்டூல் கட்டளையின் பெரிய எல் ஆப்ஷனில், க்யூ எண்ணிக்கையை, கார்டு உட்கார்ந்திருக்கும் நூமா நோடில் (கோர்களும் அவற்றுக்கு அருகிலுள்ள மெமரியும் சேர்ந்த பகுதி) உள்ள கோர்களின் அளவுக்கு வையுங்கள். இன்டரப்டுகளைக் கோர்களுக்குத் தானே பங்கிடும் ஐஆர்க்யூ பேலன்ஸை நிறுத்திவிட்டு, க்யூவுக்கு ஒரு கோர் என இன்டரப்டுகளைக் கட்டுங்கள். நிறுத்தாவிட்டால் நீங்கள் கட்டியதை அது அவிழ்த்துவிடும். க்யூ மாற்றும்போது பல டிரைவர்களில் லைன் ஒரு கணம் அறும், ஊர் தூங்கியபின் செய்யுங்கள்.

அடுத்து பெரிய சி ஆப்ஷன்: காத்திருப்பு நேரத்தைத் தானே மாற்றும் அடாப்டிவ் ஆர்எக்ஸை அணைத்து, பாக்கெட் வந்தபின் இன்டரப்ட் தர எத்தனை மைக்ரோ நொடி காத்திருப்பது என்று சொல்லும் ஆர்எக்ஸ் யூசெக்ஸை 50 ஆக்குங்கள். 1500 பைட் பாக்கெட் நொடிக்கு சுமார் 8.1 லட்சம் வரும். 50 மைக்ரோ நொடியில் சேர்வது 40தான். 64 பைட் பாக்கெட் என்றால் அதே நேரத்தில் 744! எல்லாம் ஒரே க்யூவில் விழுந்தால் பாக்கெட்டுகள் காத்திருக்கும் 512 இடமுள்ள ரிங் வழியும். பெரிய ஜி ஆப்ஷனில் ரிங்கை 2048 ஆக்குங்கள்.

யூசெக்ஸை 0 ஆக்கும் ஆசை வேண்டாம். காத்திருப்பே இல்லாமல் இன்டரப்ட் குவியும். வேலூர் சித்திரை வெயிலில் ஏசி திணறும் அறையில், கோர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ரீபூட் ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சர்வர் தொடங்கும்போது தானே ஓடும்படி சிஸ்டம்டி சர்வீஸில் எழுதி வையுங்கள்.