கடலைப் படிக்கக் காசு: எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது

உபகாரச் சம்பளம் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எவ்வளவு தருகிறார்கள்?" என்பதுதான். நான் முதலில் படிக்கச் சொல்வது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களை. படித்து முடித்தபின் எத்தனை ஆண்டு வேலை, யாருக்காக, என்ன வேலை? இதற்குப் பதில் பிடித்திருந்தால் மற்றதைப் பேசலாம். பிடிக்கவில்லை என்றால் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நான் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் படித்து, பாண்ட் (படித்தபின் கட்டாயமாக வேலை செய்ய வேண்டிய காலம்) முடித்து, இன்னும் அதே துறையில் வேலை செய்கிறவள். செப்டம்பர் மாதம் வந்தாலே உறவுக்காரப் பிள்ளைகளும், கோயிலில் பழக்கமானவர்களின் பிள்ளைகளும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் கடலுக்கென்று ஒரே ஓர் அமைப்பு கிடையாது. தண்ணீர் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். இது புரியாமல் விண்ணப்பித்தால் பவளத்தை நினைத்துக்கொண்டு போய்க் கொசுவிடம் மாட்டிக்கொள்வீர்கள். பவளப்பாறை, கடற்புல், சதுப்புநிலம் என்றால் தேசியப் பூங்காக் கழகம். 2014ல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்கா, ஒரு லட்சம் பவளம் நடும் திட்டம் எல்லாம் அவர்களுடையவை. ஆனால் சாலையோர மரங்கள், செல்லப் பிராணிகள், குடியிருப்புப் பேட்டைக்குள் வரும் காட்டுப்பன்றிகள் ஆகியவையும் அவர்கள் பொறுப்புதான். உபகாரச் சம்பளம் வாங்கியவரை எந்தப் பிரிவுக்கும் அனுப்பலாம்.

மீன் வளர்ப்பில் ஆர்வம் இருந்தால் சிங்கப்பூர் உணவு அமைப்பைப் பாருங்கள். ஜொகூர் நீரிணையில் மிதக்கும் மீன் பண்ணைகளும் செயிண்ட் ஜான்ஸ் தீவில் உள்ள மீன்வளர்ப்பு மையமும் அவர்கள் கையில். 2015ல் பாசிப் பெருக்கத்தால் நூற்றுக்கணக்கான டன் மீன் செத்து மிதந்ததே, அந்த மாதிரி சிக்கலைப் புரிந்துகொள்ள அறிவியல் படித்த ஆட்கள் அங்கே தேவை. கடல்மட்டம் உயர்வதைப் பற்றிப் படிக்க ஆசையா? அப்போது பொதுப் பயனீட்டுக் கழகம். குடிநீர்க் கழகம்தானே என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். 2020லிருந்து நாட்டின் கரையோரப் பாதுகாப்பும் அவர்களிடம்தான் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று கணக்கிட்டிருக்கும் ஊரில், இன்னும் பல பத்தாண்டுகளுக்கு அந்த வேலை குறையப் போவதில்லை. தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு செமாக்காவ் குப்பைத் தீவும் வானிலை ஆய்வும் உண்டு. டெங்கி ஒழிப்பும் உணவங்காடி நிலையங்களும் உண்டு. என் கூட்டாளி ஒருத்தி (வேறோர் அமைப்பில்) கடல் உயிரியல் படித்துவிட்டுப் பாண்டின் முதல் பாதி முழுவதும் கழிவறைத் தூய்மைத் திட்டத்துக்கு எக்செல் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டபோது, "ஒப்பந்தத்தில் எங்கேயும் கடல் என்று எழுதவில்லையே" என்றார்களாம். உண்மைதான், எழுதவில்லை.

அதனால் விண்ணப்பிக்கும் முன்னரே கல்விக் கண்காட்சியிலோ மின்னஞ்சலிலோ இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் உபகாரச் சம்பள மாணவர்களை எங்கே போடுகிறீர்கள்? விடுமுறைப் பயிற்சிக்கு நானே பிரிவைத் தேர்ந்தெடுக்கலாமா? பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கப்பல் படம் போட்ட விளம்பரங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேரிடைம்ஒன் போன்றவை கப்பல் வணிகம், துறைமுகம் பக்கம் போகிறவர்களுக்கு. நல்ல உதவிதான், ஆனால் கடல்வாழ் உயிரினங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, பாண்ட். பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளத்தை எடுத்துக்கொண்டால் உள்ளூரில் படிக்கிறவர்களுக்கு 4 ஆண்டு, ஆங்கிலம் பேசும் நாட்டில் படித்தால் 6 ஆண்டு, பிறமொழி நாட்டில் படித்தால் 5 ஆண்டு. மற்ற அமைப்புகளும் ஏறத்தாழ இந்தப் பாணியில்தான் போகும். பாதியில் விலகினால் செலவழித்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பிணைக் கையெழுத்துக்கு ஆள் கேட்பார்கள். கையெழுத்து நாளுக்கு முந்தின இரவு மாமாவைக் கூப்பிட்டு, "ஒரு சின்ன உதவி மாமா" என்று தொடங்குவது முறையல்ல. அவர் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதை முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு, மானியம் போக, அறிவியல் பட்டப்படிப்புக்கான கட்டணம் ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்குச் சற்று மேலே வரும். நான்கு ஆண்டுக்குப் பார்த்தால் பெரிய தொகைதான். ஆனால் பிடிக்காத வேலைக்கு நான்கு ஆண்டு போகும் அளவுக்குப் பெரிதல்ல. கல்விக் கட்டணக் கடன் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. அப்பா அம்மாவின் மத்திய சேம நிதியிலிருந்தும் எடுக்கலாம். குடும்பத்தின் தனிநபர் வருமானம் குறைவாக இருந்தால் அரசாங்க உதவி நிதி, சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்), இந்து அறக்கட்டளை வாரியம் எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் பாண்ட் இல்லை. பல்கலைக்கழகங்கள் தாங்களே தரும் உபகாரச் சம்பளங்களிலும், நன்யாங் ஸ்காலர்ஷிப், என்யுஎஸ் (சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம்) மெரிட் ஸ்காலர்ஷிப் போன்றவற்றுக்குப் பாண்ட் கிடையாது. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இவற்றை விட்டுவிட்டு நேராக அமைப்புகளின் பின்னால் ஓடுவது எனக்குப் புரிவதே இல்லை. ஒன்றை வாங்கினால் இன்னொன்றை விடவேண்டியிருக்குமா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் கவனிக்க: கல்வி அமைச்சின் கட்டண மானியத்தை எடுத்தாலே, படித்து முடித்தபின் 3 ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். உபகாரச் சம்பளப் பாண்ட் அதற்கு மேல் வருமா, அதற்குள் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என்ன படிப்பது? நன்யாங்கில் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளி, என்யுஎஸ்ஸில் சுற்றுச்சூழல் ஆய்வியல் அல்லது உயிர் அறிவியல். கடல் உயிரியலுக்குப் பெரும்பாலும் உயிர் அறிவியல் வழியாகத்தான் போக வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு ரிபப்ளிக்கில் சுற்றுச்சூழல், கடல் அறிவியல் பட்டயம் இருக்கிறது. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூட வேலை கைவந்திருக்கும். நேர்முகத்தில் அது தெரியும், கூச்சப்பட வேண்டாம்.

காலக்கெடு. தொடக்கக்கல்லூரி மாணவர்களுக்கு ஏ நிலைத் தேர்வு முடிவு பிப்ரவரி இறுதியில்தான் வரும், ஆனால் பல விண்ணப்பங்கள் முந்தின ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே திறந்துவிடும். முடிவு வந்து மூன்று வாரத்துக்குள் பல்கலைக்கழக விண்ணப்பம், உபகாரச் சம்பளம், பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் தொடங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர். ஆசிரியரும் மனிதர்தான். நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள். கேட்கும்போது, நீங்கள் செய்த இரண்டு மூன்று வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். தேசிய சேவைக்குப் போகும் பையன்கள் 'இரண்டு வருஷம் இருக்கிறதே' என்று விட்டுவிடுகிறார்கள். போவதற்கு முன்பும் விண்ணப்பிக்கலாம், சேவையில் இருக்கும்போதும் விண்ணப்பிக்கலாம்.

அப்புறம் கட்டுரை. எல்லாரும் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். என் அண்ணன் மகள் கொண்டுவந்த முதல் வரைவு இப்படித் தொடங்கியது: சிறு வயது முதலே கடல் என்னைக் கவர்ந்திருக்கிறது, பருவநிலை மாற்றம் நம் தலைமுறையின் மாபெரும் சவால்.

"உன் பேரை அடிச்சிட்டு உன் கூட்டாளி பேரைப் போட்டா இதுல ஏதாவது மாறுமா?" என்று கேட்டேன்.

"மாறாது, அத்தை."

"சரி, கடல்ல நீ கண்ணால பார்த்தது ஒண்ணு சொல்லு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். டிசம்பர் விடுமுறையில், சாயங்காலம் நீர் நன்றாக வற்றும் நாளாகப் பார்த்து சாங்கி கடற்கரைக்குப் போயிருக்கிறாள். அங்கே பார்த்தது கம்பளச் சாமந்தி, பூப்போல விரிந்திருக்கும் ஒரு கடல் விலங்கு. "கம்பளச் சாமந்தி இருக்கும்ல அத்தை, வீட்டுக் கால்மிதி அளவுக்கு. அது பிரவுனா இருக்கணும். நான் பார்த்ததுல பாதி வெள்ளையா இருந்துச்சு. பக்கத்துலயே ஒண்ணு நல்லா இருந்துச்சு."

இதுதான் கட்டுரை என்றேன். அதற்கு முந்தின வாரங்களில் விடாமல் மழை. ஜொகூர் ஆற்றிலிருந்து நன்னீர் இறங்கி நீரிணையில் உப்பு குறைந்தால், சாமந்தியின் உடலுக்குள் குடியிருக்கும் பாசி வெளியேறி அது வெளுத்துவிடும். 2007 தொடக்கத்தில் இதே மாதிரி பெருமழைக்குப் பிறகு புலாவ் உபினின் செக் ஜாவாவில் ஏராளமான உயிரினங்கள் செத்துப்போயின. இதையெல்லாம் அவளே தேடிப் படித்து எழுதினாள். கடைசியில், பக்கத்தில் இருந்த ஒன்று மட்டும் ஏன் வெளுக்கவில்லை என்ற கேள்வியை அப்படியே விட்டாள். 'மாபெரும் சவால்' போய்விட்டது. ஆங்கிலத்தில் எழுதும் கட்டுரைதான். ஆனால் முதலில் தமிழில் வாயால் சொல்ல வைத்ததால்தான் அது வந்தது என்பது என் எண்ணம்.

பார்த்ததே இல்லை என்றால் போய்ப் பாருங்கள். காசு ஆகாது. வற்றுநீர் அட்டவணை பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டின் நடுப்பகுதியில் நன்றாக வற்றுவது விடியலுக்கு முன்னால். மூடிய காலணி அவசியம், கல்மீனும் திருக்கையும் மணலில் புதைந்து கிடக்கும். தேசியப் பூங்காக் கழகத்தின் இன்டர்டைடல் வாட்ச் திட்டத்தில் சேர்ந்தால் கணக்கெடுக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அனைத்துலகக் கடலோரத் தூய்மைப் பணி இங்கே 1992லிருந்து நடக்கிறது. என்யுஎஸ்ஸின் என். சிவசோதி பல ஆண்டுகள் ஒருங்கிணைத்தது. அங்கே குப்பையைப் பொறுக்குவதோடு நிற்பதில்லை, வகை பிரித்து எண்ணி எழுதுவார்கள். 'தொண்டூழியம் செய்தேன்' என்பதைவிட, கிராஞ்சி சதுப்புநிலத்தில் எந்த வகைக் குப்பை அதிகம் என்று சொல்ல முடிவது மேல். "நீச்சலே தெரியாதே, இவளை எப்படிக் கடலுக்கு அனுப்புவது?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு: இந்தத் துறையில் முக்கால்வாசி வேலை முழங்கால் தண்ணீரிலும் கணினி முன்னாலும்தான். முக்குளிக்கும் உரிமம் இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம்.

நேர்முகத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். கடல் அழகானது என்பது அவர்களுக்குத் தெரியும். உங்களால் இரண்டு பக்கமும் பார்க்க முடிகிறதா என்றுதான் சோதிப்பார்கள். ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டரில் 'லாங் ஐலண்ட்' நில மீட்பு (கடலைத் தூர்த்து நிலமாக்குவது) வரப்போகிறதே, என்ன நினைக்கிறீர்கள்? கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்தால் வெள்ளத்திலிருந்து கரையை எப்படிக் காப்பீர்கள் என்பார்கள். சரிதான் என்று தலையாட்டினால் கடலடி உயிர்கள் என்ன ஆகும் என்பார்கள். செக் ஜாவாவில் நில மீட்பை 2001ல் ஏன் தள்ளிவைத்தார்கள் என்பதைப் படித்துவிட்டுப் போங்கள். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் தூர்வாரும் கப்பல் மோதி 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியபோது எந்த அமைப்பு எதைச் செய்தது என்று சொல்லத் தெரிந்தால், வீட்டுப்பாடம் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள். உணவு அமைப்பு நேர்முகத்தில் '30க்கு 30' (2030க்குள் உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது) இலக்கைப் பெருமையாகச் சொன்னால் சிரிப்பார்கள், 2025 நவம்பரில் அதை மாற்றிவிட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து எழுதிக் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இளநிலைக்கு இங்கே வருவது செலவு. முதுநிலை முடித்து முனைவர் பட்டத்துக்கு வருவதுதான் வசதியான வாசல். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவர்களுக்கு இங்குள்ள சதுப்புநிலமும் சேறும் புதிதல்ல. சிங்கா விருது கட்டணத்தையும் மாதப் படியையும் பார்த்துக்கொள்ளும். பல்கலைக்கழகங்களின் சொந்த ஆய்வு உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பத்தை நிரப்பும் முன் பேராசிரியருக்கு எழுதுங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது' என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் போனால் ஐம்பது பேரும் அழித்துவிடுவார்கள். அவருடைய அண்மைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை நாலு வரியில் எழுதுங்கள்.

இந்த ஆண்டு கிடைக்கவில்லை என்றால், பட்டப்படிப்பில் சேர்ந்த பிறகு இடைக்கால உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கலாம். சொல்லப்போனால் நான் அதைத்தான் அதிகம் பரிந்துரைப்பேன். முதலாண்டு விடுமுறையில் அந்த அமைப்பிலேயே பயிற்சிக்குப் போய்விட்டு, அங்கே மதிய உணவு நேரத்தில் ஊழியர்கள் தங்கள் வேலையைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டபின் கையெழுத்துப் போடலாம். பாண்டும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.