பிரண்டை தொண்டைய அரிக்குதா? நான் சரி பண்ணது இப்படித்தான்

வேலியோரமா தானா முளைக்கிறத பறிச்சு சாப்பிடலாம்னு ஆரம்பிச்சதுல எங்க வீட்ல பெரிய தகராறே பிரண்டைதான், துவையல் ஒரு வாய் வெச்சாலே தொண்டை நமநமன்னு அரிக்கும். அதுல இருக்கிற கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியா படிகமா இருக்கு, அதான் குத்துது. இப்போ முத்தின தண்ட தொடுறதே இல்ல, நுனிய ஒடிச்சா பட்டுனு ஒடியணும், அதான் இளசு. கையில நல்லெண்ணெய் தடவிட்டு கணுவ வெட்டி எறிஞ்சு, ஓரத்து நாரெல்லாம் உரிச்சு, நல்லெண்ணெய்ல பச்சை மாறி சுருங்குற வரைக்கும் பொறுமையா வதக்கணும், அவசரப்பட்டா போச்சு. உளுந்து, வரமிளகாய், புளி கொஞ்சம் தாராளமா வெச்சு அரைச்சா அரிப்பே தெரியல. புளிய குறைக்கிறவங்க வேற கீரை பாத்துக்கலாம்! சாக்கடையோரம் படர்ந்தது, மருந்தடிச்ச வயலோரத்துது, ஓசியா கிடைச்சாலும் வேணாம்.